கோழிக்குஞ்சின் மணிக்கட்டு

இன்று நீங்கள் முதலாம் ஆண்டு வகுப்புக்குள் நுழைந்து, பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை என்று கரும்பலகையில் எழுதினால் யாரும் முறைக்க மாட்டார்கள். பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டு வருகிறார்கள். நான் காரைக்கால் கல்லூரியின் விலங்கியல் துறையில், செய்முறை வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த எழுபதுகளில், அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு பெண் தேர்வில் தோற்றாள். தோற்கடித்தவர்களில் நானும் ஒருத்தி.

துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் நான்கைந்து பேர் போன வாரம் என்னைத் துறைக்கு வரவழைத்து, செய்முறைத் தேர்வு நாளில் எதை எல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். ரசாயனம், கத்தி, விடைத்தாள் கட்டு என்று ஒப்புக்கு ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அன்று என் வேலை நிரந்தரமில்லை. ஒவ்வொரு ஜூனிலும் புது உத்தரவு வந்தால்தான் அந்த வருஷத்துக்கு வேலை. நெரவியிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். தங்கைகள் இருவர் படித்துக்கொண்டிருந்தார்கள். துறையில் நான் ஒருத்திதான் பெண். இவற்றை எல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால், அந்த அறையில் நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

ரொசாலி மூன்றாம் ஆண்டு மாணவி. தலத்தெருவில் வீடு. அவள் அப்பா சவரிநாதர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படி வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அண்ணன் பிரான்சில் வேலை பார்த்தான். தங்கை பட்டம் வாங்கியதும் அங்கே வந்து மேலே படிக்கலாம், பட்டச் சான்றிதழ் கையில் இருந்தால் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று விசாரித்து எழுதியிருந்தான். வீட்டில் அதற்காகக் காத்திருந்தார்கள்.

வகுப்பில் ரொசாலி அதிகம் பேச மாட்டாள். ஆனால் அவள் கையைப் போல ஒரு கையை நான் அதற்குப் பிறகு மாணவர்களிடம் பார்க்கவில்லை. மற்றவர்கள் நரம்பைத் தேடுகிறேன் என்று தவளையைக் குதறி வைத்திருக்கும்போது, அவளுடைய தட்டில் ஒவ்வொரு நரம்பும் ஈர நூல் மாதிரி தனித்தனியாகக் கிடக்கும்.

ஒரு நாள் ஆய்வுக்கூடம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அண்ணன் அனுப்பிய பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தாள்.

"மிஸ், இந்தப் படத்தப் பாருங்களேன்."

இரண்டு கைகளின் எலும்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருந்தார்கள். ஒன்று, கல்லில் இறகோடு பதிந்து கிடைத்த ஆதிப் பறவையின் கை. இன்னொன்று, மாமிசம் தின்னும் ஒரு சிறிய டைனோசரின் கை. அளவு வேறு. ஆனால் மூன்று விரல், அவற்றின் நீள வரிசை, மணிக்கட்டில் அரைநிலா மாதிரி ஓர் எலும்பு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அந்த அரைநிலா எலும்பு இருப்பதால்தான் பறவை இறக்கையைப் பக்கவாட்டில் மடிக்கிறது. ஓடித் திரிந்த ஒரு மிருகத்துக்கு அது எதற்கு?

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ரொசாலிக்கும் அரைகுறைதான். சனிக்கிழமை தன் அப்பாவையே ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்துவிட்டாள். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை, கையில் கூட்டோடு மூக்குக்கண்ணாடி. மோர்ச்சரி மாதிரி வாடை அடித்த எங்கள் அறையில், மாதா கோயிலில் வேதம் வாசிப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னார்.

"வாஸோன்னா பறவைங்க டீச்சர். இங்க போட்டுருக்கான் பாருங்க, 'தெசாந்த்ர்'னு. இறங்கி வர்றதுன்னு அர்த்தம். பறவையெல்லாம் டைனோசர்லேருந்து இறங்கி வந்துருக்குன்னு எழுதுறான். வம்சமா இறங்குறத சொல்றான்."

"அப்படியேதான் போட்டிருக்கா? சந்தேகமா எழுதலையே?"

"இல்லீங்க. இப்படி நினைக்கிறவங்க இப்ப கூடிக்கிட்டு வர்றாங்கன்னு போட்டுருக்கான். பழைய ஆளுங்க ஒத்துக்கலைன்னும் போட்டுருக்கான்."

பழைய ஆட்கள் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தது. டைனோசருக்குக் கழுத்தடியில் தோளோடு சேரும் காறை எலும்பு கிடையாது, பறவைக்கு உண்டு. ஒரு வம்சத்தில் ஒழிந்துபோன எலும்பு மறுபடி முளைக்காது. ஆகவே பறவை டைனோசரிலிருந்து வந்திருக்க முடியாது. அதைவிடப் பழைய, தெகோடான்ட் என்ற ஊர்வன வகையிலிருந்து இரண்டும் தனித்தனியே வந்தவை. இதைத்தான் நானும் படித்தேன், அதையே ஒப்பித்துப் பாடமும் நடத்தினேன். சில டைனோசர்களின் எலும்புக்கூட்டில் காறை எலும்பு இருந்ததையும், பல வருஷம் அதை யாரும் சரியாகப் பார்க்காமல் விட்டதையும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் ரொசாலி, வீட்டில் செத்துப்போன ஒரு கோழிக்குஞ்சைக் கொண்டு வந்தாள். வளர்ந்த கோழியில் மணிக்கட்டு எலும்பு மற்ற எலும்புகளோடு ஒட்டிப்போய்விடும். குஞ்சில் தனியாகத் தெரியும். அந்த எலும்புகளைச் சுத்தம் செய்து, கறுப்பு அட்டையில் வரிசையாக ஒட்டி, தன் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சேர்த்தாள். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, அந்த அரைநிலா அங்கே இருந்தது. பறவைகளின் மூதாதை டைனோசராக இருக்கலாம் என்பதற்கு இது ஒரு சான்று என்று கீழே எழுதியிருந்தாள். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகு அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்று பஸ்ஸில் வீடு போகும் வரை எனக்கு அதே நினைவுதான். அப்படி ஒரு சந்தோஷம் அந்த வேலையில் எனக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். நாங்கள் பாடம் நடத்திய புத்தகமே அவர் எழுதியதுதான். எங்கள் துறைத்தலைவர் உள்தேர்வாளர். நான் உதவிக்கு நின்றேன். காலையில் துறைத்தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நிரந்தரப் பணிக்கு இந்த வருஷம் இன்டர்வியூ வருது. இவரும் கமிட்டியில இருக்கார். பாத்து நடந்துக்கங்க" என்று சொல்லியிருந்தார்.

ரொசாலி அறுத்துக் காட்டியதில் யாரும் குறை சொல்ல முடியாது. அவரும் சொல்லவில்லை. பிறகு ரெக்கார்டு நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"என்னம்மா இது?"

"கோழிக்குஞ்சோட இறக்கை சார். மணிக்கட்டு எலும்பு தனியா தெரியுறதுக்காக ஒட்டியிருக்கேன்."

"சிலபஸ்ல இருக்கா?"

"இல்ல சார்."

"பறவைக்கு மூதாதை யாரு?"

"டைனோசர் சார்."

அவர் முதலில் கோபப்படவில்லை. திருத்திக்கொள்ள இடம் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "என் புத்தகத்துல என்ன போட்டிருக்கேன்?"

"தெகோடான்ட்னு போட்டிருக்கீங்க சார்."

"அப்ப நான் எழுதினது தப்பா?"

"அது தெரியல சார். ஆனா எலும்பு ஒண்ணாத்தான் இருக்கு."

அறையில் கத்திகள் தட்டில் படும் சத்தம் நின்றுபோனது. அவர் அந்தப் பக்கத்தின் மூலையில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், இது உங்க கையெழுத்துதானே? இதப் பாத்துட்டுத்தான் போட்டீங்களா?"

எத்தனையோ பதில் இருந்தது. பார்த்தேன் சார், எலும்பு உண்மைதான் சார், முடிவு உங்கள் இஷ்டம் என்று சொல்லியிருக்கலாம். பாடத்தில் இல்லாததற்கு மதிப்பெண் வேண்டாம், இருப்பதற்குப் போடுங்கள் என்றாவது கேட்டிருக்கலாம். இவை எல்லாம் பின்னால் எத்தனையோ மதியங்களில் நான் யோசித்துக் கண்டுபிடித்த பதில்கள். அன்று என் வாயில் வந்தது இதுதான்:

"இல்ல சார். நோட்டெல்லாம் கட்டா வந்துச்சு. கவனிக்காம போட்டுட்டேன்."

ரொசாலி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருஷத்தில் எனக்கு ஆறியிருக்கும். அவள் அவர் பக்கம் திரும்பி, "மிஸ்ஸுக்குத் தெரியாது சார். நானாத்தான் ஒட்டினேன்" என்றாள்.

அவர் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டார். என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிய மாணவி என்று அவள் மேல் எழுதாமல் எழுதியது போலத்தான் அது.

வராந்தாவில் துறைத்தலைவர் என்னிடம் வந்தார். எனக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். கண்ணில் படுவதை வரை, புத்தகத்தில் இருப்பதை வரையாதே என்று எங்களைத் திட்டித் திட்டி வளர்த்தவர்.

"நிஜமாவே பாக்கலையா?" என்றார்.

"பாத்தேன் சார்."

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான். அவரோட மோத என்னால முடியாது. உங்களாலயும் முடியாது. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. பெரியவர் ஒருவர் சேர்ந்து சுமந்தால் பாரம் குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

ரொசாலி எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணில் தேறினாள். ரெக்கார்டு நோட்டையே செல்லாது என்று தள்ளிவிட்டதால் செய்முறையில் தோற்றாள். எனக்கு அந்த வருஷம் நிரந்தர உத்தரவு வந்தது.

முடிவு வந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் சவரிநாதர் கல்லூரிக்கு வந்தார். அதே மாதிரி தேய்த்த சட்டை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"டீச்சர், ஒரு விஷயம் கேக்கணும். எம்மவ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறா. அந்தப் பத்திரிகையில உள்ளத எழுதுனதாலதான் ஃபெயிலுன்னு அவ கூட்டாளிப் பொண்ணு சொல்லுது. அப்படிங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்.

"நான் யோசிச்சுப் பாத்தேன் டீச்சர். தப்பு எம்மேலதான். தெசாந்த்ர்ங்கறது பஸ்ஸுலேருந்து இறங்குறதுக்கும் சொல்லுவாங்க, மாடியிலேருந்து இறங்குறதுக்கும் சொல்லுவாங்க. எருமை முதுகுல காக்கா உக்காந்து வரும் பாருங்க. அந்த மாதிரி பறவை அது முதுகுலேருந்து இறங்குச்சுன்னுதான் போட்டுருப்பான்போல. நாந்தான் வம்சத்துக்கு இழுத்துட்டேன். பட்டாளத்து பிரெஞ்சுதானே நம்மளுது. படிச்ச பிரெஞ்சா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. பக்கத்து மேசையில் இருவர் விடைத்தாள் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த தடவை புத்தகத்துல இருக்கறத மட்டும் எழுதச் சொல்லுங்க ஐயா. பாஸ் பண்ணிடுவா."

"சரிங்க. மன்னிச்சிக்கங்க டீச்சர். உங்களுக்கும் சங்கடம் குடுத்துட்டேன்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர் படி இறங்கிப் போனார்.

ரொசாலி மறுபடி தேர்வு எழுத வரவில்லை. இருமுறை ஆள் விட்டுச் சொன்னேன். நேரில் போகவில்லை. மறு வருஷம் கல்யாணமாகி பிரான்சுக்குப் போய்விட்டாள் என்றும், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன். அந்தக் கைகள் அங்கே படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தேர்வறையில் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வாய் வராமல் போனது பலவீனம். பலருக்கும் வரும். உங்களுக்கும் வரலாம். ஆனால் அதற்கு அடுத்த நாள் ஒன்று இருந்தது. மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்னால் நான்கு நாள் இருந்தது. சவரிநாதர் என் முன்னால் நின்ற பத்து நிமிஷம் இருந்தது. அத்தனையையும் நான் ஒவ்வொன்றாகக் கழிய விட்டேன். அது பலவீனமில்லை, அதற்கு வேறு பெயர். வாய் தவறிய அன்றே போய்த் திருத்துங்கள். அதனால் வேலைக்கு ஆபத்து வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வரலாம்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பாடப்புத்தகத்துக்குத் திருத்திய பதிப்பு வந்தது. ஆசிரியர் அறையில் நின்றபடியே புரட்டினேன். பறவைகளின் தோற்றம் பற்றிய பகுதியில், சிறிய டைனோசர்களிலிருந்து பறவைகள் வந்தன என்ற கருத்து இப்போது வலுப்பெற்றுள்ளது என்று சேர்த்திருந்தார். மணிக்கட்டு எலும்பின் படம்கூட இருந்தது. அதே பேராசிரியர்தான். முன்பு வேறு மாதிரி எழுதியிருந்தேன் என்று ஒரு வரி இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நான் சொல்லத் தவறியதை அவர் அச்சிலேயே சொல்லியிருந்தார். நான் இன்னும் வாயாலேயே சொல்லவில்லை.

அந்தப் புத்தகத்தோடு தலத்தெருவுக்குப் போய்ச் சவரிநாதரிடம் காட்ட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அந்த வாரம் தேர்வு வேலை. அடுத்த வாரம் தங்கை வீட்டு விசேஷம். அதற்கடுத்த வாரம் பஸ் நிலையம் வரை போய், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று புரியாமல் நெரவி பஸ்ஸில் ஏறிவிட்டேன். இப்படி இரண்டு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை ஆய்வக உதவியாளர் பேச்சுவாக்கில் சொன்னார்: "தலத்தெரு சொல்தா சவரிநாதர் போயிட்டாராம் மேடம். நேத்துதான் அடக்கம். மக பிரான்ஸ்லேருந்து வந்துருக்கு."

மறுநாள் கல்லூரி விட்டதும் போனேன். கதவைத் திறந்தவள் ரொசாலி. உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது. என்னைக் கண்டதும், "வாங்க மிஸ்" என்றாள். முன்னறையில் உட்காரவைத்தாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தைப் பிரித்து நீட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள், கையில் வாங்கவில்லை.

"எனக்குத் தெரியும் மிஸ். அன்னைக்கே தெரியும். உங்களுக்கு வேலை போயிடும்னு பயம். எனக்கு உங்க மேல கோவம் இருந்துச்சு, அப்புறம் போயிடுச்சு."

"அப்ப…"

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மிஸ். நான் எத்தனையோ தடவை சொன்னேன், நீங்க படிச்சது சரிதான்பான்னு. எம்மனசு நோகக் கூடாதுன்னு சொல்றேன்னே நினைச்சாங்க. டீச்சரே புத்தகத்துல உள்ளத எழுதச் சொன்னாங்களேம்பாங்க." "அதுக்கப்புறம் அப்பா பிரெஞ்சே படிக்கல. ஆபீசு காகிதம் வந்தா அடுத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. எம்பொண்ணுக்குத் தமிழ் எழுத வராது. தாத்தாவுக்கு பிரெஞ்சுலதான் லெட்டர் போடுவா. அதுல உள்ள படத்த மட்டும் பாத்துட்டு வச்சிடுவாங்களாம். படிச்சுச் சொல்லுங்கன்னா, எனக்கு அந்த பாஷை சரியா வராதுன்னுடுவாங்களாம்."

இருபது வருஷத்துக்கு மேல் அந்த பாஷையில் கட்டளை வாங்கி, அந்த பாஷையில் கட்டளை போட்ட மனிதர்.

"அம்மா உள்ள இருக்காங்க," என்றாள் ரொசாலி. "எங்கிட்ட சொன்னத அவங்ககிட்ட சொல்லுங்க மிஸ். எனக்காக வேணாம். அப்பாவுக்காக."

உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள். முன்னால் உட்கார்ந்து, இம்முறை அழாமல் சொன்னேன். பத்திரிகையில் என்ன இருந்தது, நான் என்ன பார்த்தேன், தேர்வில் என்ன சொன்னேன், அவர் கணவர் வந்து கேட்டபோது என்ன சொன்னேன் என்று எதையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப அவரு படிச்சது சரிதானா?"

"சரிதாம்மா. ஒரு எழுத்து தப்பில்ல."

"நானும்ல அவர ஏசிட்டேன்," என்றார். "உங்க பிரெஞ்சாலதான் எம்பொண்ணு படிப்பு கெட்டுச்சுன்னு. ஒரு நாளா, ரெண்டு நாளா? சண்டை வர்றப்பெல்லாம் அதத்தான் எடுத்துப் போடுவேன். எதுத்துப் பேச மாட்டாரு. ஆமாம்பாரு."

வெளியே யாரோ வந்து ரொசாலியிடம் துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். குரலில் கோபம் இல்லை.

"இந்த வீட்டுக்கு வந்தவங்கள ஒரு வாய் காப்பி குடிக்காம நாங்க அனுப்புனதில்ல டீச்சர். இன்னக்கி எனக்கு முடியல. நீங்க கெளம்புங்க."